ஹினேவாய் பாட எழுந்தாள்

ஹினேவாய் வட்டார மேயராக ஜெயித்ததும் எங்கள் ஆட்களில் அதிகம் துள்ளியவர் எருவேரா மாமாதான். பெட்ரோல் பங்க், மீன் கடை, சர்ச் வாசல் என்று போன இடமெல்லாம், "நான் தூக்கி வளத்த புள்ள" என்றார். அவர் எந்தக் குழந்தையையும் தூக்கி நாங்கள் பார்த்ததில்லை.

அவளோடு வட்டார மன்றத்தார் எங்கள் குலம் கூடும் முற்றமான மராயேவுக்கு வரப்போகிறார்கள் என்றதும் துள்ளல் அடங்கியது. டவுன் கழிவுநீரை எங்கள் ஆற்றில் விட ஒரு குழாய் போடும் திட்டத்தைப் பற்றிப் பேச வருகிறார்கள். பிறந்த முற்றமேயானாலும் அன்றைக்கு ஹினேவாய் விருந்தாளி. முற்றத்தில் நின்று பேசுவதோ ஆண்களின் வேலை.

"மேயரா இருந்தா என்ன? பேசுறவங்க உக்கார்ற முன் பெஞ்சுல பொம்பள உக்கார முடியாது. அவளுக்குப் பதிலா டெஸ்மண்ட் பேசட்டும்" என்றார் மாமா.

டெஸ்மண்ட் துணை மேயர். வெள்ளைக்காரர். மேயர் தேர்தலில் அவளிடம் தோற்றவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் மாமா, பொம்பள நான் குரல் குடுத்துக் கூப்பிடாம ஒரு விருந்தாளியும் வாசல் தாண்ட முடியாதே. நாளைக்கு எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னா?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

மாமாவுக்கு உடனே டீ தேவைப்பட்டது.

மறுநாள் நான் கூப்பிட்டேன், வந்தார்கள். டெஸ்மண்ட் கழுத்தில் எங்கள் ஆட்கள் போடுவது போன்ற பச்சைக்கல் தொங்கல், புதுசு. முன் பெஞ்சில் அகலமாக உட்கார்ந்தார். அவருடைய மேயர் அவருக்குப் பின்னால், அவர் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

பேச எழுந்த டெஸ்மண்ட் எங்கள் மொழியில் வணக்கம் சொன்னார். எந்த மொழியானாலும் கேட்பவருக்கு வலித்திருக்கும். பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, "குழாய்க்கு எங்க மேயர் அம்மாவும் சம்மதிச்சுட்டாங்கன்னு சொல்றதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்" என்றார்.

எருவேரா மாமா வாயைத் திறந்து மூடினார், கரையில் போட்ட மீன்போல.

ஹினேவாய் எழுந்தாள். பேசவில்லை, பாடினாள். ஆற்றைப் பற்றிய பழைய பாட்டு. பேச்சாளன் தடம் மாறினால் பெண்கள் பாடத் தொடங்கலாம். பாட்டு வந்துவிட்டால் பேச்சு முடிந்தது. இது பாட்டன்மார் காலத்திலிருந்து இருக்கும் சட்டம், மாமாவும் மறுக்க முடியாது. எதிர்ப்பக்கம் நின்ற நாங்களும் சேர்ந்துகொண்டோம். தனக்குத்தான் மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து டெஸ்மண்ட் தலையாட்டித் தாளம் போட்டார். முடிந்ததும் மறுபடி வாயெடுத்தார். பக்கத்தில் இருந்தவர் அவருடைய கோட்டு நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் பேசலாம். புகைபோட்ட விலாங்கை டெஸ்மண்ட் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

"நல்லா சாப்பிடுங்க, டெஸ்மண்ட்" என்றாள் ஹினேவாய், கூடத்துக்கே கேட்கும்படி. "இந்த ஆத்து மீன்தான். நீங்க சொன்ன குழாய் வந்தா அடுத்த தடவை டவுன் ருசியும் சேர்ந்து வரும். அப்புறம், நான் எப்ப சம்மதிச்சேன்? நான் முழிச்சிட்டுதான் இருந்தேனா?"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. மற்ற உறுப்பினர்களின் முள்கரண்டிகளும் நின்றன. அடுத்த வாரக் கூட்டத்தில் அந்தக் குழாய் ஒரே ஓட்டில் தோற்றது. விலாங்கைத் தட்டிலேயே ஒதுக்கிவைத்த உறுப்பினர் ஒருவர் எங்கள் பக்கம் மாறியிருந்தார்.

பாடச் சொல்லிக் கண்ணைக் காட்டியதே தான்தான் என்று எருவேரா மாமா இப்போது ஊரெல்லாம் சொல்கிறார்.

"அந்த முன் பெஞ்சைக் கேளுடி, இப்பக் கேட்டா குடுப்பாங்க" என்று போன மாதம் முற்றத்தில் ஒரு சாவுக்குக் கூடியபோது ஹினேவாயிடம் சொன்னேன். இருவரும் பின்வரிசையில் கூரையடியில் உட்கார்ந்திருந்தோம். மழை சாய்ந்து அடித்தது. முன் பெஞ்சில் கிழவர்கள் தொப்பியிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக, அசையாமல், கம்பீரமாக நனைந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு வேண்டாம்டி" என்றாள் ஹினேவாய். "வெயில் வரட்டும், கேக்குறேன்."