ஆறாம் வகுப்பில் ஒரு கொரிய இடம்

எங்கள் கம்பெனித் தலைவர் வீட்டில் அன்று எண்பது முட்டைக்கோஸ். நவம்பர் கடைசி வாரம். வருடத்துக்கு ஒருமுறை தலைவரின் மனைவி, எங்களுக்கெல்லாம் மேடம், குளிர்காலத்துக்கான கிம்ச்சி, அதாவது காரக் கோஸ் ஊறுகாய், போடுவார். போடுவார் என்றால், மேடம் நாற்காலியில் உட்கார்ந்து உப்புக் காரம் பார்ப்பார், நாங்கள் ஏழு பேர் தரையில் உட்கார்ந்து போடுவோம். எங்கள் கணவர்கள் அவர் கணவரிடம் வேலை பார்க்கிறார்கள், அதனால் நாங்கள் அவரிடம் வேலை பார்க்கிறோம். சியோலிலிருந்து சீனாவின் வூஷிக்கு விமானம் ஏறும்போது இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. வந்து இறங்கிய வாரத்திலேயே தெரிந்துவிடும்.

உட்காரும் இடத்துக்கும் முறை உண்டு. மிளகாய் விழுதை இலை இலையாகப் பூசுவது துறை மேலாளர்களின் மனைவிகள். அதில் பேச்சும் சிரிப்பும் ருசி பார்ப்பதும் உண்டு. உப்பில் ஊறிய கோஸைத் தண்ணீர் போகப் பிழிவது உதவி மேலாளர்களின் மனைவிகள். நான் பிழிகிற கூட்டம். நான்கு வருடமாகப் பிழிகிறேன். என் பெயர் சுக்யங். இந்த ஊரில் அது யாருக்கும் தெரியாது, தாமி அம்மா என்றால்தான் தெரியும்.

அன்று பிழிவதுகூட எனக்குப் பாரமாக இல்லை. மூன்று நாள் முன்பு ஏரிக்கரை சர்வதேசப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருந்தது. தாமி தேர்வில் தேறிவிட்டாள். அந்தப் பள்ளியில் ஒரு நாட்டுப் பிள்ளைகள் வகுப்புக்கு ஐந்து பேருக்கு மேல் கூடாது. ஆறாம் வகுப்பில் கொரியர்களுக்கு மிச்சமிருந்தது ஒரே இடம், அது என் மகளுக்கு. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. கணவரிடம் மட்டும் சொன்னேன். அங்கேதான் புத்தி கெட்டுப்போனேன்.

இப்போது அவள் படிக்கும் கொரியப் பள்ளியில் பாடம் நன்றாகவே நடக்கிறது. குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். கோளாறெல்லாம் அதன் பேருந்தில். எங்கள் குடியிருப்பிலிருந்து கிளம்பும் பேருந்தில் முன் இருக்கை தலைவர் மகள் யூரிமுக்கு, அடுத்தது துறை மேலாளர்களின் பிள்ளைகளுக்கு, கடைசியில் சக்கரத்துக்கு மேல் தூக்கித் தூக்கிப் போடுமே, அங்கே எங்கள் பிள்ளைகள். ஒருநாள் மழை என்று குடை எடுத்துக்கொண்டு போனேன். யூரிம் கை வீசிக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே என் மகள், தன் பையை முதுகிலும் யூரிமின் பையை முன்னாலும் மாட்டிக்கொண்டு படி தெரியாமல் தடவித் தடவி இறங்கினாள்.

"ஏண்டி, அவளுக்குக் கை இல்லையா?" என்று கேட்டேன்.

"அவங்க அப்பா நம்ம அப்பாவுக்கு மேலதானேம்மா," என்றாள். அப்போது அவளுக்குப் பத்து வயது.

மறுநாளே பள்ளி தேடக் கிளம்பினேன். வூஷியில் இரண்டு, பக்கத்து ஊரான சுஜோவில் இரண்டு என்று மொத்தம் நான்கு பள்ளி. மற்ற அம்மாக்கள் பாடத்திட்டம் கேட்டார்கள், எத்தனை பேர் எந்தப் பல்கலைக்கழகம் போனார்கள் என்று கேட்டார்கள். நான் எல்லாப் பள்ளியிலும் பேருந்து நிற்கும் இடத்தைக் காட்டச் சொன்னேன். என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஏரிக்கரைப் பள்ளிப் பேருந்தில் ஒரு ஜெர்மன் பையன் இரண்டு இருக்கையை அடைத்துக் காலை நீட்டிப் படுத்திருந்தான். பேருந்து ஆயா அவன் காலில் ஒரு தட்டு தட்டி எழுப்பிவிட்டாள். "அவங்க அப்பா யாரு?" என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்?" என்றாள். எனக்கு அந்தப் பதில் போதும். அன்றிலிருந்து எட்டு மாதம் தாமி அந்தத் தேர்வுக்குப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை கூட வெளியே விளையாடப் போகவில்லை.

"தாமி அம்மா, கை தளராம பிழியுங்க," என்றார் மேடம். "தண்ணி நின்னுச்சுன்னா புத்தாண்டுக்கு முன்னாடியே புளிச்சிரும்."

"சரிங்க மேடம்."

"அப்புறம், உங்களுக்கு நான் பெரிய நன்றி சொல்லணும்."

"எனக்கா? எதுக்கு மேடம்?"

"அடடா, தெரியாத மாதிரி! யூரிமையும் அந்த ஏரிக்கரை ஸ்கூல்லதான் போடணும்னு அவரு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நம்ம ஆளுங்களுக்கு ஒரே இடம்தான் இருக்குன்னுட்டாங்க. இன்னிக்குக் காலைல உங்க வீட்டுக்காரரே ஸ்கூலுக்கு லெட்டர் அனுப்பிட்டாராமே, எங்க இடத்தை யூரிமுக்குக் குடுத்துருங்கன்னு. என்ன பெரிய மனசு!"

"தாமி அப்பா எப்பவுமே தங்கமான மனுஷன்தான்," என்றாள் விழுது பூசிக்கொண்டிருந்த ஒருத்தி.

என் கையில் பாதி பிழிந்த கோஸ். எனக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. காலையில் அவர் வழக்கத்தைவிட முன்னதாகக் கிளம்பியது, தாமியின் தலையைத் தடவிவிட்டுப் போனது, என் முகத்தைப் பார்க்காமல் ஷூ மாட்டியது எல்லாம்.

"எங்க இடத்தையா?" என்றேன்.

"ஆமா. கூச்சப்படாதீங்க."

"அந்தப் பரீட்சைய எழுதினது என் பொண்ணு, மேடம். அவ அப்பா இல்ல."

விழுது பூசிய கைகள் நின்றன. என் பக்கத்தில் பிழிந்துகொண்டிருந்தவள் என் முழங்காலைக் கிள்ளினாள்.

"தாமி அம்மா, நீங்க கோபமா பேசற மாதிரி இருக்கு," என்றார் மேடம்.

"மாதிரி என்ன மேடம், கோபம்தான்."

"ஒரு வருஷம் பொறுத்தா என்ன குறைஞ்சிரும்? பெரியவங்களுக்கு விட்டுக்குடுக்கறது நம்ம பழக்கம்தானே."

"யாரு பெரியவங்க? யூரிமா? அவ என் பொண்ணைவிட நாலு மாசம் சின்னவ."

கையுறையைக் கழற்றி உப்புத் தண்ணீரிலேயே போட்டேன். மேடத்தின் குரல் பின்னாலேயே வந்தது, அதே இனிப்போடு: "பன்றிக் கறி வெந்துட்டிருக்கு. சாப்பிட்டுட்டுப் போகலாமே." எரிச்சலில் எனக்குக் கண் கலங்கியது. அந்தக் கண்ணீரை அந்த வீட்டில் விடக்கூடாது என்று லிஃப்டுக்காகக் காத்திராமல் ஒன்பது மாடி இறங்கினேன்.

டாக்சிக்காரர் என் ஏப்ரனைப் பார்த்து முகம் சுளித்தார். பூண்டும் உப்பில் ஊறிய இறாலும் நாறியிருக்கும். நான் சட்டை செய்யவில்லை.

பள்ளியின் சேர்க்கை அலுவலகத்தில் ஷென் என்ற சீனப் பெண். முன்பு வந்தபோதெல்லாம் நன்றாகப் பேசியவள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"உங்க வீட்டுக்காரர் மெயில் ஒன்பது மணிக்கு வந்துச்சு. இடம் வேண்டாம்னு எழுதியிருந்தாரு. நீங்களும் பேசி முடிவு பண்ணியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"வேண்டாம்னு எழுதலீங்க. இன்னொரு பொண்ணுக்குக் குடுக்கச் சொல்லி எழுதியிருக்காரு."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க. இடத்தை நீங்க எடுத்துக்கலாம், இல்ல வேண்டாங்கலாம். நீங்க இன்னொருத்தருக்குக் குடுக்க முடியாது. காத்திருக்கறவங்க வரிசை ஒண்ணு இருக்கு. முதல்ல இருக்கறவங்களுக்குத்தான் போகும்."

"போயிருச்சா?"

"பத்தரைக்குப் போன் பண்ணோம். பத்து நிமிஷத்துல சரின்னுட்டாங்க. உங்க நாட்டுப் பையன்தான், வேற கம்பெனி."

"அப்ப எங்க தலைவர் பொண்ணு?"

"பேரெல்லாம் நான் சொல்லக் கூடாது. உங்க வீட்டுக்காரர் எழுதின பொண்ணு வரிசையில இருக்கா. முதல் ஆள் இல்ல. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"என் பொண்ணைத் திரும்பச் சேர்த்துக்கோங்களேன்."

"புதுசாத்தான் எழுதிக் குடுக்கணும். வரிசையில கடைசியா வரும்."

"அதாவது அந்தப் பொண்ணுக்குப் பின்னாடி."

ஷென் கொஞ்சம் யோசித்து, "அப்படித்தான் வரும்," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. ஷென் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கொரியக் கம்பெனியில் லிஃப்டில் முதலில் ஏறும் உரிமை மேலே இருப்பவருக்கு, காரில் நல்ல இருக்கை மேலே இருப்பவருக்கு, சாப்பாட்டு மேஜையில் முதல் கவளம் மேலே இருப்பவருக்கு. பதினாறு வருடம் அதையே செய்த மனிதருக்குப் பள்ளிக்கூட இடமும் எழுந்து நின்றால் மேலே இருப்பவர் வந்து உட்கார்ந்துகொள்ளும் நாற்காலியாகத் தெரிந்திருக்கிறது. எழுந்தார். உட்கார்ந்தது யாரோ. இதை அந்தப் பெண்ணுக்கு எந்த மொழியில் விளக்குவது? தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

என் கணவர் ஜேபோம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்தார். தாமி உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தக்கூட விடவில்லை.

"உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"மெதுவாப் பேசு. அவ இருக்கா."

"அவ இருக்கறது இப்பத்தான் ஞாபகம் வருதா?"

அவர் கோட்டுகூடக் கழற்றாமல் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். "முந்தாநாள் கம்பெனி சாப்பாட்டுல தலைவர் என் கிளாஸ்ல அவர் கையாலயே ஊத்தினாரு. 'குழந்தைங்க விஷயம், நான் ஒண்ணும் சொல்லல, நீங்களே முடிவு பண்ணுங்க'ன்னாரு. அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

"உங்களையே முடிவு பண்ணச் சொன்னாருல்ல? பண்ணியிருக்கலாமே!"

"பிப்ரவரில யாரையெல்லாம் ஊருக்குத் திருப்பி அனுப்பறதுன்னு பட்டியல் போடறாங்க. என்னைத் திருப்பி அனுப்பிட்டா எந்த ஸ்கூல் இருக்கு அவளுக்கு? சொல்லு. நான் யாருக்காகப் பண்ணேன்?"

அவருக்குப் பயம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. பயந்தவரிடம் இரக்கப்பட வேண்டும் என்றும் தெரியும். அன்று எனக்கு இரக்கம் துளியும் வரவில்லை. எட்டு மாதம் என் மகள் படித்ததை மூன்று வரி மெயிலில் தூக்கிக் கொடுத்தவரிடம் எனக்கு என்ன இரக்கம்?

"இடம் யூரிமுக்கும் கிடைக்கல, தெரியுமா? வேற கம்பெனிப் பையனுக்குப் போயிருச்சு," என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. மகளின் இடம் போனபோது வெளுக்காத முகம்.

அப்போதே அவர் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். வரவேற்பறையில் எங்கள் துணி காயும் கம்பிக்கு முன்னால் நின்று இடுப்பு வளையக் குனிந்து குனிந்து பேசினார்.

"ஐயா... ஆமாங்கய்யா... என்னோட கவனக்குறைவுதாங்கய்யா. ஸ்கூல் விதியை நான் சரியாப் படிக்கல... இல்லீங்கய்யா, எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் இல்ல... மன்னிக்கணும். மேடத்துக்கிட்டயும் சொல்லுங்கய்யா. மன்னிக்கணும்."

எண்ணவில்லை, ஆனாலும் ஏழெட்டு முறையாவது மன்னிப்புக் கேட்டிருப்பார். தன் மகளுக்கு இருந்ததைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அது அவர்கள் கையில் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று மன்னிப்புக் கேட்கிற ஒரு மனிதரோடு பதின்மூன்று வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

போனை வைத்ததும் என்னிடம், "நாளைக்கு நீயும் போய் மேடத்தைப் பார்த்து ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு வார்த்தை என்ன, நூறு வார்த்தை சொல்றேன்! அந்தப் பொம்பள கிம்ச்சித் தொட்டில அவ தலையை அமுக்கிட்டுச் சொல்றேன்!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அறைக்கதவு திறந்தது. தாமி பென்சிலோடு நின்றாள்.

"இடம் போயிருச்சாம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "போயிருச்சுடி கண்ணு," என்றேன்.

அழுவாள் என்று கையை நீட்டினேன். அவள் அழவில்லை. என்னைத் தாண்டி அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, தலைவர் ரொம்பக் கோபமா இருக்காரா?"

அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"நாளைக்கு யூரிம்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுடறேன்பா. அந்தப் பரீட்சைல நான் ரெண்டு மூணு தப்பு விட்டிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது."

விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்து, தன் தப்பு எது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். ஜேபோம் மெல்ல சோபாவில் உட்கார்ந்தார்.

"கேட்டுதா?" என்றேன் அவரிடம். "இவளுக்கு எந்த ஸ்கூல் இருக்குன்னு கேட்டீங்களே. இதோ, நீங்க சேர்த்துவிட்ட ஸ்கூல். இதுல உங்க பொண்ணு எப்பவோ பாஸ் பண்ணிட்டா."

தாமி வந்து என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அப்பாவத் திட்டாதீங்க," என்றாள். "அவங்க நாளைக்கு ஆபீஸ் போகணும்."