தென்னைக்குப் போன பால்

பத்து மாதக் கைக்குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம். மூன்று வயது டின்டுவுக்குச் சளி. ஒன்று அழுது ஓய்ந்தால் மற்றது ஆரம்பிக்கும். இரண்டும் கூடிப் பேசி முறை வைத்துக்கொண்டாற்போல. மௌனிகா கண்ணோடு கண் மூடி நாலு நாளாகிவிட்டது. புருஷன் மோகனசுந்தரம் வாளையார் தாண்டிக் கேரளாவுக்கு லாரியோடு போய்ப் பத்து நாள். பிள்ளை வளர்ப்பதைப் பற்றி மீனாட்சிபுரமே வந்து புத்தி சொல்லும். ஒரு மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் கிடையாது.

மாட்டுக்கு இதெல்லாம் தெரியுமா? விடிந்தால் கறந்தாக வேண்டும். இருந்த இரண்டு மாட்டில் செவலைக்கு மடிவீக்கம், ஊசி போட்டிருந்தது. மருந்து பாலில் இறங்கும், ஐந்து நாளைக்கு அதைத் தென்னைக்குத்தான் ஊற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கென்றே ஒரு சிவப்பு வாளி தனியாக வைத்திருந்தாள்; நல்ல பாலுக்கு எவர்சில்வர் வாளி.

அன்று பிள்ளைகள் அசந்த நேரம் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு வாளியைத் தென்னையடியில் கவிழ்த்துவிட்டு, மற்றதோடு பால் சொசைட்டிக்கு ஓடி, அளந்து ஊற்றிவிட்டு வந்தாள். தென்னை மரத்தடியில் எவர்சில்வர் வாளி கவிழ்ந்து கிடந்தது. நல்ல மாட்டுப் பால் தென்னைக்கும் செவலையின் பால் சொசைட்டிக்கும் போயிருந்தது.

ஏழு மணிக்கு வண்டி வந்து கேன்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். எந்தக் குழந்தை குடிக்குமோ. யார் வீட்டுப் பால் என்று ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைக்கவும் செய்தாள், பொய் சொல்வானேன்.

எழுந்துவிட்ட பிள்ளைகளில் ஒன்றை இடுப்பில் வைத்து, மற்றதைக் கையில் இழுத்துக்கொண்டு திரும்ப ஓடினாள்.

"ஏனுங்க, அந்தக் கேனை ஏத்தாதீங்க! ஊசி போட்ட மாட்டுப் பாலை மாத்தி ஊத்திப்போட்டனுங்க."

செயலாளர் பூபதிராஜா தலையில் கைவைத்தார். "ஏனம்மிணி, நாப்பது லிட்டரு. ஏழெட்டு ஊட்டுப் பாலு."

கேனைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். "கண்ணை எங்க வெச்சுட்டுக் கறந்தா இவ?" என்றாள் பால் ஊற்ற வந்த வள்ளியாத்தாள். மற்றவர்கள் அவரவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வீட்டுக்கு வந்து மோகனசுந்தரத்துக்குப் போன் போட்டாள். அழக்கூடாது என்றுதான் இருந்தாள். அவன் குரல் கேட்டதும் அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"உன்னைய யாரு போய்ச் சொல்லச் சொன்னது?" என்றான். பிறகு லேசாகச் சிரித்தான். "கறக்கறப்பத் தூங்கிட்டயாக்கும்?"

டின்டு இருமினான். கைக்குழந்தை அவள் கம்மலைப் பிடித்து இழுத்தது.

"தூங்கியிருந்தா மாத்தி ஊத்தியிருக்க மாட்டனுங்க," என்றாள் மௌனிகா.