பதினோரு மணிக்குள் தீர்ந்த கிளிக்குகள்

சோபாக்காரர் மச்சானின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து அவன் தலையை ப்ளைவுட் அடுக்கில் மோதினார். மச்சானின் கையிலிருந்த லேப்டாப் மரத்தூளில் விழுந்தது. பட்டறைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

“எவ்வளவுடா கமிஷன் அடிச்ச?”

“மாமா, விடுங்க… நான் சொல்றதக் கேளுங்க…”

அவன், சோபாக்காரரின் மனைவிக்கு ஒரே தம்பி. பட்டறைக்கு இணையத்தில் விளம்பரம் போடுவது அவன் வேலை. முதலில் ஒரு செய்தித் தளத்தில் பேனர் போட்டான். ஆயிரம் தடவை காட்டினால் இவ்வளவு என்று விலை. மலிவாக இருக்கிறதே என்று சோபாக்காரர்தான் அவசரப்பட்டுத் தலையாட்டினார். இரண்டு லட்சம் தடவை காட்டியும் ஒரு ஸ்டூல்கூட விற்கவில்லை.

“பாதி பேனர் ஒரு செகண்டு திரையில தெரிஞ்சாலே ஒரு பார்வைன்னு கணக்கு மாமா” என்று அவன் விளக்கினான்.

“ஒரு செகண்டா? அதுக்குள்ள சோபாவோட கால்கூடத் தெரியாதேடா!”

அன்று அவர் வீசிய டம்ளர் சுவரில் பட்டு உடைந்தது.

பிறகு, யாராவது பேனரை அமுக்கி உள்ளே வந்தால் மட்டும் காசு என்று மாற்றினார்கள். ஒரு கிளிக்கின் விலை கிட்டத்தட்ட ஆயிரம் பார்வைகளின் விலைக்கு வந்தது. அதனால் நாளைக்கு எழுபது கிளிக், அதோடு பேனர் நின்றுவிடும் என்று மச்சான் வரம்பு வைத்தான். மூன்று வாரமாக அந்த எழுபதும் காலை பதினோரு மணிக்குள் தீர்ந்தது. விலை கேட்கக்கூட ஓர் ஆள் வரவில்லை. “தளத்துக்காரனே அமுக்கிக் காசு பாக்கிறான், உன் மச்சானும் கூட்டு” என்று பக்கத்து மெத்தைக்கடைக்காரர் காதில் போட்டுவிட்டுப் போனார். அது போதுமாயிருந்தது.

“இந்தக் கையாலதானே எடுத்த?”

சோபாக்காரர் அவன் வலது கையை வேலைப் பலகையில் அழுத்தி, ஆணி அடிக்கும் சுத்தியலால் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் அலறினான். சுத்தியல் இரண்டாவது முறை இறங்கியது. மூன்றாவது முறை ஓங்கியபோது அவர் காதோரம் ஓர் அடி விழுந்து கண்ணில் பொறி பறந்தது. திரும்பினால் மனைவி நின்றாள், கையில் ஒரு நாற்காலிக் கால்.

“இன்னொரு தடவ கைய ஓங்கின, மண்டைய ரெண்டாப் பொளந்துருவேன்!”

கன்னத்தில் ரத்தம் வழிய அவர் தடுமாறி உட்கார்ந்தார். மச்சான் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி பேசினான்.

“அக்கா, அந்த லேப்டாப்பத் தொற. நேத்திக்கு நம்ம சைட்டுக்கு வந்தவங்க பட்டியல் இருக்கு. இதச் சொல்லத்தான் ஓடி வந்தேன். எழுபதுல அறுபத்திமூணு ஒரே இணைப்புல இருந்து வந்திருக்கு.”

“எந்த இணைப்பு?”

“இந்தப் பட்டறையோட வைஃபை.”

தையல்காரர்தான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

“முதலாளி, நீங்கதானே சொன்னீங்க? தினமும் வந்ததும் விளம்பரம் வருதான்னு பாருங்க, வந்தா அமுக்கி உள்ள போய்ப் பாருங்கன்னு. நாங்க ஆறு பேரும் அது வரும்போதெல்லாம் அமுக்குவோம். நீங்களும் டீ குடிக்கும்போதெல்லாம் அமுக்குவீங்களே.”

தன் சோபா செய்தித் தளத்தில் மின்னுவதைப் பார்க்கும் பெருமையில் எத்தனை முறை அமுக்கினோம் என்று சோபாக்காரருக்கே தெரியவில்லை. சுத்தியலைக் கீழே போட்டார்.

“மச்சான்… வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். நானே வண்டிய எடுக்கிறேன்.”

“கிட்ட வராதீங்க” என்றான் அவன். மனைவி அவனைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனாள்.

ஒரு மணி நேரம் கழித்து, கன்னத்தில் துணியை அழுத்திக்கொண்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். மச்சானின் மூன்று விரல்கள் நொறுங்கியிருந்தன. ஒன்று இனி மடங்காது என்றார் டாக்டர். கட்டிலருகே ஒரு போலீஸ்காரர் குறிப்பேட்டோடு நின்றார்.

சட்டையைப் பிடித்ததிலிருந்து ஒன்றுவிடாமல் மச்சான் அவரிடம் சொன்னான். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் சோபாக்காரரைக் குத்தியது. மனைவி அவர் பக்கமே திரும்பவில்லை.

“இவர் சொல்றது உண்மையா?” என்று போலீஸ்காரர் கேட்டார்.

“ரெண்டு தடவ அடிச்சேன் சார்” என்றார் சோபாக்காரர். “மூணாவதுக்கும் ஓங்கினேன். அதையும் எழுதிக்குங்க.”