பச்சைக் காயும் சேர்த்து

லினெட் ஹார்கர் எட்டு வருடம் காத்திருந்தாள். கல்யாணத்துக்குக்கூட அவள் அவ்வளவு காத்திருந்ததில்லை. யார்க்‌ஷயர் மலையடிவாரத்து ஆளுக்கொரு துண்டு வாடகைக்கு விடும் ஊர்த் தோட்டத்தில், பதினான்காம் எண் துண்டு நிலத்தில் அவள் நட்ட ஜூனிபர் செடி போன வருடம்தான் முதன்முதலாகக் காய் பிடித்தது. ஜூனிபர் காய்க்கு அவசரம் என்பதே கிடையாது. ஒரு வருடம் முழுக்கப் பச்சையாக உட்கார்ந்திருந்து, அடுத்த வருடம்தான் கருநீலமாகப் பழுக்கும். அதற்குள் பக்கத்திலேயே புதுப் பச்சைக் காய் வந்துவிடும். இந்த வருடத்து விளைச்சலும் அடுத்த வருடத்து விளைச்சலும் ஒரே கிளையில் தொங்கும்.

தோட்டக்காரர்கள் அக்டோபரில் நடத்தும் கண்காட்சியில் வீட்டில் ஊறவைத்த ஜின் மதுவுக்கு ஒரு போட்டி உண்டு. வோட்காவைக் கடையில் வாங்கலாம். அதில் ஊறப்போடுவதெல்லாம் சொந்தத் துண்டில் விளைந்திருக்க வேண்டும். லினெட்டிடம் கொத்தமல்லி இருந்தது, விதை பழுப்பாகும்வரை விட்டு வைப்பாள். ஏஞ்சலிகா வேர் இருந்தது. லாவெண்டரைப் பனி காய்ந்த காலையில், மொட்டு விரியுமுன் கொய்து வைத்திருந்தாள். ஆனால் ஜூனிபர் இல்லாமல் ஜின் ஏது? அதனால் எட்டுக் கண்காட்சியிலும் அவள் தேநீர் மேசைக்குப் பின்னால் நின்று ஊருக்கே தேநீர் ஊற்றினாள்.

இந்த வருடம் மூன்று நாள் அக்காவைப் பார்த்துக்கொள்ள ஸ்கார்பரோ போனாள். இடுப்பில் அறுவை சிகிச்சை, போகாமல் முடியாது. திரும்பி வந்து பார்த்தால் செடி மொட்டை. நீலக் காய் ஒன்றில்லை, பச்சைக் காயும் ஒன்றில்லை. பதினைந்தாம் எண்காரன் நெவில் ப்ராக்டரின் கொட்டகைக் கதவில், மலைச்சரிவில் பில்பெரிப் பழம் வாரும் பல்லுச் சீப்பு தொங்கியது. பல்லெல்லாம் பச்சைப் பிசின். மறைத்து வைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"நீ ஊர்ல இல்ல. பறவைங்க தின்னுட்டுப் போயிடுமேன்னு பறிச்சேன்," என்றான் நெவில். பிறகு தன் நிலத்தில் ஆளுயரம் நின்ற ஜூனிபரைப் பெருமையாகக் காட்டினான். "எனக்கும் பங்கு உண்டுல்ல? உன்னோடது பொட்டச் செடி. என் ஆளு இல்லாம அதுக்கு ஏது புள்ள?"

அது உண்மைதான். ஜூனிபரில் ஆண் வேறு, பெண் வேறு. அவன் செடி ஆண். மேய்ச்சல் ஆடுகள் மலையிலிருந்த ஜூனிபரை எல்லாம் என்றைக்கோ மொட்டையடித்துவிட்டன. சுற்றுவட்டாரத்தில் வேறு ஆண் செடி கிடையாது.

"பச்சையையும் வாரிட்டியே. அது அடுத்த வருஷத்துக் காய், நெவில்."

"காய் காய்தானே. எல்லாம் ஒரே ஜாடிக்குத்தான் போச்சு."

அவளாக இருந்தால் அடியில் ஒரு துணியை விரித்து, கிளையைக் குச்சியால் லேசாகத் தட்டியிருப்பாள். பழுத்தது உதிரும், பச்சை பிடித்துக்கொள்ளும். இதுகூடத் தெரியாத கை அந்தக் கை. அதை ஒடிக்க வேண்டும் போல அவளுக்கு வெறி வந்தது.

கணவன் கிரஹாமிடம் சொன்னாள். தேநீர் போட்டுத் தரட்டுமா என்று கேட்டான். தோட்டச் சங்கச் செயலாளரிடம் சொன்னாள். அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம் வேண்டாமே, வெறும் காய்தானே என்றாள் அந்த அம்மாள். அந்த ஊரில் திருடினால் மன்னிப்பு உண்டு, சத்தம் போட்டால் கிடையாது.

கண்காட்சி அன்று வழக்கம்போலத் தேநீர்க் கெண்டியோடு நின்றாள். நெவில் வந்து கோப்பையை நீட்டினான். அவன் புட்டி ஏற்கெனவே போட்டி மேசையில் ஏறியிருந்தது. குனிந்து, சிரித்த முகம் மாறாமல் சொன்னான். "வாயத் தொறந்தேன்னு வையி, என் செடிய வெட்டிச் சாச்சிடுவேன். அப்புறம் உன்னோடது வெறும் முள்ளுதான்."

எட்டு வருடம். அவனும் அதைச் செய்யக்கூடியவன்தான். லினெட் வாயை மூடிக்கொண்டு அவன் கோப்பையை நிரப்பினாள்.

நடுவராக வந்திருந்த டின்ஸ்டேல் அம்மாள் பக்கத்து ஊர்க்காரி, முகத்துக்கு நேரே பேசுபவள். நெவிலின் ஜின்னை ஒரு வாய் குடித்துவிட்டு, பச்சைக் காய் போட்டிருக்கிறீர்கள், டர்பன்டைன் வாடை அடிக்கிறது என்றாள். ஆனால் மற்ற இரண்டு புட்டியிலும் கடையில் வாங்கிய ஜூனிபர். விதி விதிதான். முதல் பரிசின் சிவப்பு அட்டை நெவிலுக்கே போனது.

நெவில் அதோடு நிறுத்தியிருக்கலாம். தொண்டையைச் செருமிக்கொண்டு நாலு வார்த்தை பேசினான். "எட்டு வருஷம் பொறுமையா வளத்த செடிங்க."

லினெட் கெண்டியைக் கீழே வைத்தாள். காயைத் திருடினான், சரி. காத்திருந்ததையுமா?

"அந்தச் செடிய ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுவோம், வாங்க," என்றாள் நடுவரிடம். சத்தம் போடவில்லை. ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. போகும் வழியில் நடந்ததை எல்லாம் சொன்னாள். பின்னாலேயே ஊரும் வந்தது.

டின்ஸ்டேல் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெவிலின் செடியில் ஒரு கிளையை வளைத்துப் பார்த்தாள். "இது ஆண் செடியாச்சே. இதுல எப்படிங்க காய் வரும்?"

எல்லோரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். நெவிலின் காது மடல் சிவந்தது. நடுவர் அவன் கையிலிருந்த சிவப்பு அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். லினெட் தன் கொட்டகைக்குப் போய்க் கை ரம்பத்தை எடுத்து வந்து, பிடிப் பக்கமாக அவனிடம் நீட்டினாள்.

"வாயத் தொறந்தா வெட்டுவேன்னு சொன்னியே. தொறந்துட்டேன். வெட்டு."

நெவில் வாங்கினான். லினெட் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் செடியைப் பார்த்தான், ஊரைப் பார்த்தான். பிறகு ரம்பத்தை வேலிக் கம்பியில் மாட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் போனான்.

இவ்வளவு தேவையா லினெட் என்று செயலாளர் அம்மாள் மெல்லக் கேட்டாள்.

"தேவை," என்றாள் லினெட். "உங்களுக்கும் சேத்துத்தான்."

அந்த ரம்பத்தை அவள் எடுக்கவே இல்லை. குளிர்காலம் முழுக்க அது வேலியிலேயே துருப்பிடித்துத் தொங்கியது. மே மாதம் ஒரு காலை, மண்டியிட்டுக் கொத்தமல்லி விதைத்துக்கொண்டிருந்தபோது மேல்காற்று அடித்தது. நெவிலின் செடியிலிருந்து மஞ்சள் மகரந்தத் தூள் புகைபோல எழுந்து வேலி தாண்டி வந்து, அவள் செடியிலும் அவள் தலையிலும் படிந்தது. நெவில் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரம்பம் அங்கயேதான் இருக்கு," என்றாள் லினெட்.

அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

இந்தத் தூளில் பிடிக்கும் காய் பழுக்க அடுத்த வருடம் அக்டோபர் ஆகும். இந்த வருடமும் அவள் தேநீர்தான் ஊற்ற வேண்டும். ஊற்றுவாள். நெவிலின் கோப்பைக்கு மட்டும் அவள் கெண்டி சாயாது.