பிட் அடித்த வண்டி

கணக்கு வாத்தியாரைப் பள்ளிக்கூடத்தில் யாரும் கணக்கு வாத்தியார் என்று சொல்வதில்லை. பருந்து என்பார்கள். பரீட்சை ஹாலுக்குள் அவர் காலடி கேட்டாலே போதும், சாக்ஸுக்குள் ஒளிந்திருக்கிற பிட் பயத்தில் தானாக வெளியே விழுந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பிடித்த பிட்டுகளை வரிசையாக ஒட்டினால் ஒரு பாடப்புத்தகமே தேறும். பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாகவும் இருக்கும். அந்தப் பட்டப்பெயரில் அவருக்கு உள்ளூர ஏகப்பட்ட பெருமை. யாராவது பின்னால் இருந்து 'பருந்து வருதுடா' என்று கிசுகிசுத்தால் திரும்பிப் பார்க்காமல் மீசைக்குள்ளேயே சிரித்துக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவர் வாங்கிய வண்டி பிட் அடித்துவிட்டது.

விஷயம் காலைப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்திருந்தது. புகைச் சோதனை செய்கிறவர்கள் வண்டியை உருளைகள் மேல் ஏற்றி நின்ற இடத்திலேயே ஓட்டிப் பார்ப்பார்கள். சக்கரம் சுற்றும், ஸ்டியரிங் மட்டும் அசையாது. ஸ்டியரிங் அசையாமல் சக்கரம் சுற்றினால் இது பரீட்சைதான் என்று வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடுமாம். உடனே விஷத்தையெல்லாம் உள்ளேயே அடக்கிக்கொண்டு, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை மாதிரி மூச்சு விடும். ரோட்டுக்கு வந்துவிட்டால் அதே வண்டி இருபது மடங்கு கக்கும். கம்பெனிக்காரன் தெரிந்தே, திட்டம் போட்டே இதைச் செய்திருந்தான்.

ஆசிரியர் அறைக்குள் அவர் நுழைந்தபோது டிரில் மாஸ்டர் பத்திரிகையை விரித்துவைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்க வண்டி பரீட்சையில பிட் அடிச்சிருச்சாமே. எத்தனை வருஷம் டிபார் பண்றதா உத்தேசம்?"

அறையே குலுங்கிச் சிரித்தது. வாத்தியார் அலமாரியைத் திறந்து சாக்பீஸ் தேடுவது போல நின்றார். சாக்பீஸ் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போய் மனைவி முகத்தில் முழிக்க வேண்டுமே.

பள்ளிக்கூடம் மேட்டின் உச்சியில் இருந்தது, வீடு அடிவாரத்தில். அவருடைய பழைய வண்டி அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும். நடந்து போகிற பிள்ளைகள் ஜன்னல் பக்கம் குனிந்து, "சார், தள்ளட்டுமா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்பார்கள். பதினொரு வருஷம் அந்த மரியாதையைத் தாங்கியவர், இழுவை உள்ள டீசல் வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்றத்தின் பாதியில் இருக்கும் ஆஸ்பத்திரியில், நுரையீரல் வார்டில் அந்த அம்மாள் நர்ஸ்.

"நாள் பூரா மூச்சு விட முடியாதவங்களையே பாத்துட்டு வரேன். நம்ம வீட்டு வாசல்ல டீசல் வேண்டாங்க."

வாத்தியார் பச்சை இலை அச்சடித்த கம்பெனிப் புத்தகத்தைப் பிரித்து, கரும்பலகையில் கணக்குப் போடுவது மாதிரி விளக்கினார். கடைசியில், "இது சுத்தமான டீசல். நான் பொறுப்பு. என் வார்த்தைய நம்ப மாட்டியா?" என்றார். அந்த அம்மாள் கம்பெனியை நம்பவில்லை, இலையை நம்பவில்லை. இவர் வார்த்தையைத்தான் நம்பினாள்.

வண்டி வந்த பிறகு அவர் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. மூன்றாவது வளைவில் பிரின்சிபால் வண்டியையே முந்துவார். பிளம்பர் வேலை பார்க்கும் மைத்துனன், தண்டவாளம் தேவைப்படாத ஒரு புகைவண்டி வைத்திருந்தான். கறுப்பாகக் கக்கிக்கொண்டு அந்த வேன் வாசலுக்கு வந்தால், "மச்சான் வந்தாச்சு, யாராவது போய்க் கொடி காட்டுங்க" என்பார். அந்த அப்பாவி ஒவ்வொரு தடவையும் அசடு வழியச் சிரிப்பான்.

அன்று சாயங்காலம் மனைவி பத்திரிகையை முழுக்கப் படித்து மடித்துவைத்திருந்தாள். வாத்தியார் செருப்பைக் கழற்றுமுன்பே கம்பெனிக்காரனைத் திட்ட ஆரம்பித்தார். திருடன், அயோக்கியன், படித்த போக்கிரி. அவள் முழுவதையும் கேட்டாள்.

"கம்பெனியே சரி பண்ணித் தருதாமே. பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் அதுல ஏற மாட்டேன்."

"அப்ப வேலைக்கு எப்படிப் போவ?"

"தம்பி அந்தப் பக்கமாத்தான் போறான். அவன் வேன்ல போயிக்கிறேன்."

"அந்தப் புகைவண்டியிலயா?"

"அது புகை விடுதுன்னு அதுவே சொல்லிட்டு விடுது" என்று அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் காலை மைத்துனன் வேனில் அக்கா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வாத்தியார் வாசலில் நின்று பார்த்தார். மைத்துனன், "வரேன் மாமா" என்று சொன்னதில் ஒரு குசும்பும் இல்லை. அது இன்னும் வலித்தது.

அந்த வாரமே கம்பெனி வண்டிக்காரர்களையெல்லாம் ஷோரூமுக்கு வரச்சொன்னது. நாற்பது பேர் இருக்கும். பிஸ்கட்டும் காப்பியும் கொடுத்தார்கள். நாற்பது பேருக்கும் நெஞ்சு கொதித்தது, பிஸ்கட் தட்டும் காலியானது. பல் டாக்டருக்கு, விற்கப் போனால் இனி வண்டியை எவன் வாங்குவான் என்ற ஒரே கவலை. கட்டட கான்ட்ராக்டர், "மூளைக்காரன்யா, கவர்ன்மென்ட் மெஷினையே ஏமாத்திட்டான் பாரு" என்று ரகசியமாக வியந்துகொண்டிருந்தார். பூக்கடை அம்மாள் ஒருத்திதான், "கடை வாசல்லயே வண்டிய ஓடவிட்டுப் பூவ இறக்குவேங்க. வாங்க வர்றவங்க புள்ளைங்களோட வருவாங்க" என்று யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டை கட்டிய கம்பெனிப் பிரதிநிதி மைக்கைப் பிடித்தான். ஏமாற்று என்ற சொல்லைத் தொட்டால் கை சுட்டுவிடும் போலிருக்கிறது, சுற்றிச்சுற்றிப் போனான். அளவீட்டில் ஒரு சிறிய முரண்பாடு என்றான்.

வாத்தியார் எழுந்தார். "தம்பி, ஒரே கணக்குக்கு ரெண்டு விடை வந்தா அது முரண்பாடு. விடைய உள்ளங்கையில எழுதிட்டு வந்து உக்காந்தா அதுக்குப் பேர் வேற. எங்க பள்ளிக்கூடத்துல ஆறாங்கிளாஸ் பையனுக்குக்கூட அந்தப் பேர் தெரியும்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பல் டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாத்தியாருக்குப் பத்திரிகை வந்த நாளிலிருந்து தொங்கிய தலை நிமிர்ந்தது. பிடிபட்ட பையன் மாதிரி பிரதிநிதி முழித்ததைப் பார்க்கப் பார்க்க இனித்தது.

பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். இரண்டு கட்டம். இன்றே வண்டியைச் சரி செய்துகொள்ள ஒப்புதல் என்று ஒன்று. பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று மற்றொன்று.

"சரி பண்ணினா புகை சட்டப்படி இருக்கும்" என்றான் பிரதிநிதி. "ஆனா ஒண்ணு, இழுவை கொஞ்சம் குறையும்."

"கொஞ்சம்னா?" என்றார் கான்ட்ராக்டர்.

"சமவெளியில தெரியாது சார். ஏத்தத்துல செகண்ட் கியர்லதான் போகணும்."

கூரையைப் பிய்த்த கூட்டம் கப்சிப் ஆனது. நியாயம், நேர்மை, சுற்றுச்சூழல் என்று கொட்டிய வாய்கள் எல்லாம் காப்பிக் கோப்பைக்குள் போயின. பூக்கடை அம்மாள் முதல் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டாள். மற்றவர்கள் பரீட்சை எழுதும் பிள்ளைகள் மாதிரி பக்கத்துத் தாளை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பக்கத்துத் தாளிலும் இரண்டாவது கட்டம்தான்.

வாத்தியார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் பக்கம் குனிந்து தள்ளட்டுமா என்று கேட்கிற முகங்கள் ஒவ்வொன்றாக வந்துபோயின. பிறகு அவரும் இரண்டாவதில் டிக் அடித்தார். தாளை நான்காக மடித்துக் கொடுத்தார். அவ்வளவு சின்னதாக மடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"பண்ணியாச்சா?" என்றாள் மனைவி.

"பண்ணியாச்சு" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இவ்வளவு சின்னச் சொல் போதும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் அவள் வண்டியில் ஏறினாள். சீட்டில் சாய்ந்துகொண்டு, "தம்பி வேன்ல முதுகு போயிருச்சு" என்று சிரித்தாள். வாத்தியாருக்கு மனசு நிறைந்தது. ஏற்றம் ஆரம்பிக்கிற இடத்தில் அவள் சும்மா கேட்டாள்.

"இழுவை குறையும்னு பேப்பர்ல போட்டிருந்தானே. ரொம்பக் குறைஞ்சிருச்சா?"

வாத்தியாரின் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து தானாக மேலே வந்தது. கை செகண்ட் கியருக்குப் போனது. வண்டி நகர்ந்தது என்று சொல்லலாம், ஓடியது என்று சொல்ல முடியாது. "என்ன பண்றது" என்று பெருமூச்சு விட்டார். "காத்து நல்லா இருக்கணும்னா நாமதான் கொஞ்சம் விட்டுக்குடுக்கணும்."

ஆஸ்பத்திரி கேட்டில் அவளை இறக்கிவிட்டார். அவள் உள்ளே போனாள். உச்சிவரை இன்னும் மூன்று வளைவுகள் பாக்கி இருந்தன. வாத்தியார் ஒரு மிதி மிதித்தார்.

வண்டிக்கு ஸ்டியரிங் அசையாததுதான் அடையாளம். வாத்தியாருக்குப் பக்கத்து சீட். சீட்டில் ஆள் இருந்தால் ஊர்வார், ஆள் இறங்கினால் பறப்பார். இப்படியே இரண்டு வாரம் நடந்தது. ஒருநாள் மைத்துனனின் புகைவண்டியே அவர்களை முந்திக்கொண்டு போனது. முந்தும்போது அவன் ஏதோ கேட்க வாயெடுத்து, அக்காவைப் பார்த்து அடக்கிக்கொண்டான். வாத்தியார் தியாகி முகத்தோடு, "போகட்டும், பாவம்" என்றார். நாளாக ஆகத் தன் நடிப்பில் அவருக்கே ஒரு பக்தி வந்துவிட்டது. செகண்ட் கியரில் போகிற சமயத்தில் நிஜமாகவே தான் நல்லவர் என்று தோன்றும்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை. பின்னால் நாலைந்து வண்டிகள் ஹாரன் அடித்தன. வாத்தியார் கண்ணாடியில் பார்த்து, "இவனுங்களுக்கெல்லாம் என்ன அவசரம். அடுத்தவன் மூச்சுக்காத்தப் பத்தி எவனுக்காவது கவலை இருக்கா" என்றார். மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கேட் வந்தது. அவள் கதவைத் திறந்தாள், ஆனால் இறங்கவில்லை.

"முதல் நாள் உங்க வண்டில இருந்து இறங்கி மேல போனதும் வார்டு ஜன்னலச் சாத்தப் போனேங்க. ரோட்டுப் புகை ஏறுதுன்னு காலையில சாத்துவோம். அங்கருந்து பாத்தா மூணு வளைவும் தெரியும்."

வாத்தியார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"நீங்க போறதைப் பாத்தேன். மறுநாளும் பாத்தேன். கூட இருக்கிற பொண்ணுங்களும் பாத்துட்டாங்க. இப்ப அவங்களே கூப்பிடறாங்க, 'அக்கா, சார் கிளம்பிட்டார், வாங்க'ன்னு."

"இல்லம்மா, அந்த ஏத்தத்துல வந்து..."

"ஏத்தம் நல்லாத்தான் ஏறுது." அவள் குரல் உயரவில்லை. "இன்னைக்காவது சொல்லுவீங்க, நாளைக்காவது சொல்லுவீங்கன்னு தினம் வந்து உக்காந்தேன். நீங்க எனக்குக் காத்தப் பத்திப் பாடம் எடுத்தீங்க. நாளையிலேர்ந்து நான் பஸ்ல போயிக்கிறேன்."

இறங்கிக் கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது மாடியில் வரிசையாக ஜன்னல்கள். வெள்ளை உடுப்பில் இரண்டு மூன்று உருவங்கள் ஏற்கெனவே நின்றன. பறந்தால் தினமும் பார்க்கிற கூத்து. ஊர்ந்தால், பார்க்கிறார்கள் என்பதற்காக ஊர்கிறான் என்பார்கள். எப்படி ஓட்டினாலும் ஃபெயில்தான். இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர்களை எழுப்பி நிறுத்திய மனிதருக்கு அழுகை முட்டியது. கியரில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

கேட் காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"சார், ஒண்ணு எடுங்க, இல்லாட்டி இன்ஜினை அணைங்க. மேல மூச்சு விட முடியாதவங்க படுத்திருக்காங்க."