மோகனப்பிரியாவின் ரத்தம் எழுந்து நின்ற வரலாறு

தமிழ் கூறும் நல்லுலகுக்கும், குறிப்பாகப் புதுச்சத்திரம் வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி உரிமையாளர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், நான்கு மாதக் கர்ப்பிணியான மோகனப்பிரியாவின் ரத்தம் ஒரு புதன்கிழமை காலை எழுந்து நின்றது. டாக்டர் தேவிப்ரியாவின் உள்ளங்கையில் படுத்திருந்த, அவள் ரத்தம் பிடித்த பரிசோதனைக் குழாய், நீரோட்டம் பார்ப்பவர் கையில் தேங்காய் நிமிர்வதுபோல மெல்ல நிமிர்ந்து செங்குத்தாக நின்றது. பரிசோதனை முடிவும் அதற்கு ஒத்து வந்தது. நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் புரதங்களில் ஒன்று குறைந்திருந்தது, இன்னொன்று கூடியிருந்தது. “இப்போ பிரஷர் சரியாத்தான் இருக்கு. பின்னாடி ஏறும்னு ரத்தம் முன்கூட்டியே சொல்லுது. தினமும் இந்த மாத்திரை போடணும், வாராவாரம் வரணும். அசட்டையா விட்டா ரெண்டு உயிருக்கும் ஆபத்து” என்றார் டாக்டர். மாமனார் வெள்ளியங்கிரிக்கு மீசை துடித்தது. “ஏனுங்க டாக்டரம்மா, இல்லாத பிரஷருக்கு மாத்திரைங்களா? எங்க வம்சத்துல ஆருக்கும் பிரஷரே கெடையாதுங்க.” “இது உங்க வம்சத்து ரத்தம் இல்லீங்களே” என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெள்ளியங்கிரிக்கு அது காதில் ஏறவில்லை. போர்வெல் போட்டே தலை நரைத்தவருக்கு, நிமிர்ந்து நிற்கும் பொருள் எதுவானாலும் அதன் கீழே இருப்பது தண்ணீர்தான். சோதனை முடிந்த குழாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊர்வலம் கிளம்பினார். மரவள்ளிக் காட்டில் அது நின்றது, கோழிப் பண்ணையில் நின்றது, பஸ் ஸ்டாப்பிலும் நின்றது. மேல்நிலைத் தொட்டியின் உச்சியில்கூட நின்றது. அங்கே கீழே தண்ணீர் இருந்ததென்னவோ உண்மை. எல்லா இடத்திலும் நின்றதால் எல்லா இடத்திலும் ஊற்று என்று முடிவானது. ‘குருதிவழி நீர் கண்ட கொங்குச் செம்மல்’ என்று நெடுஞ்சாலையோரம் பிளக்ஸ் எழுந்தது. மோகனப்பிரியாவுக்கு உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது. மாத்திரையை விடாமல் போட்டாள், வாராவாரம் பஸ் ஏறிப் போய்ப் பிரஷர் பார்த்து வந்தாள். “மாமா, அது தண்ணியச் சொல்லலீங்க, என்னையச் சொல்லுதுங்க” என்றாள். “நீ சும்மா இரு சாமி. உன்னாலதான் ஊருக்கே தண்ணி வரப்போவுது.” சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருந்த கணவன் மதன், அப்பா சொன்னால் செரியாத்தான் இருக்கும் என்று போனில் சொன்னான். உடனே சிக்னல் போய்விட்டது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் சிக்னல் வரவில்லை.

எட்டாம் மாதம் மரவள்ளிக் காட்டில் பூஜை போட்டார்கள். ரிக் இரைந்தது, பொன்னாடைகள் பறந்தன. வெள்ளியங்கிரி மைக்கில் வம்சப் பெருமை பேசித் தன் பாட்டனார் காலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, உள்ளங்கையில் நின்ற குழாய் கிளம்பி, ஆள் உயரத்தில் நின்ற வாக்கிலேயே சேலம் ரோட்டில் போகத் தொடங்கியது. முன்வரிசையில் இருந்த மோகனப்பிரியாவுக்கு முகம் வீங்கியிருந்தது, தலைவலி மண்டையைப் பிளந்தது. “மாமா, என்ர கண்ணுக்குள்ள மின்னல் மின்னலா அடிக்குதுங்க.” “ரெண்டு நிமிசம் சாமி, முடிச்சுர்றேன்” என்றார் அவர், மைக்கிலேயே. அவள் காத்திருக்கவில்லை. ரோட்டோரம் நின்ற முட்டை வண்டியில் ஏறினாள். “அந்தக் குழாய் பின்னாலயே போங்கண்ணா.” “முட்டை ஒடஞ்சுருமேம்மா” என்றார் டிரைவர் மாரி. “ஒடையட்டுமுங்க.” டோல்கேட்டில் குழாயை யாரும் நிறுத்தவில்லை.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் ஓட்டமாக ஓடினார். அன்று மதியமே அறுவை செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். ஆள் சிறிசு, குரல் பெரிசு. தாய்க்குப் பிரஷர் இறங்கிய அன்று குழாய் சன்னலோரம் படுத்துக்கொண்டது. இப்போது டாக்டர் தேவிப்ரியா எல்லாக் கர்ப்பிணிகளின் குழாயையும் முதலில் உள்ளங்கையில் படுக்க வைத்துப் பார்க்கிறார். எழுந்து நின்றால் மாத்திரை. அது பழகிப்போய், வரிசையில் இருப்பவர்கள் போனிலிருந்து தலை நிமிர்வதில்லை.

வெள்ளியங்கிரி போட்ட போர் ஆயிரம் அடியைத் தாண்டியது. புழுதிதான் வந்தது.