வளைவில் புதுத் தார்

"பெட்டியை இறுக்கிப் பிடிச்சுக்கோ அண்ணா, அந்தப் பள்ளம் வருது."

தங்கை சொன்னதும் இன்ஜினியர் இரண்டு கையாலும் பெட்டியைப் பற்றிக்கொண்டார். சவ வண்டியின் ஒரு பக்கப் பலகையில் அவர். எதிரே தங்கையும், 'ஸ்பேனர்' என்று தெருவே கூப்பிடும் பைக் மெக்கானிக்கும். நடுவில் பெட்டிக்குள் மாப்பிள்ளை, தங்கையின் கணவர்; ஓவிய வாத்தியார். நேற்றுக் காலை இதே வளைவில் பைக்கோடு விழுந்தவர், மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

வண்டி வளைந்தது. குலுங்கவே இல்லை.

"நிறுத்துங்க," என்றாள் தங்கை.

மூவரும் இறங்கினார்கள். சாலை, பெண் பார்க்கப் போகிறவனின் எண்ணெய்த் தலை மாதிரி படிந்து பளபளத்தது.

"மூடிட்டானுங்க!" ஸ்பேனர் தலையில் அடித்துக்கொண்டான். "ரெண்டு வருஷமா நடையா நடந்தோம், ஒரு கூடை மண்ணு போட நாதியில்ல. உசுரு போனதும் எங்கேர்ந்துதான் தார் வந்துச்சோ!"

எங்கிருந்து வந்தது என்று இன்ஜினியருக்குத் தெரியும். சாலைத் துறையில் அவருக்கு அது இருபது வருஷப் பழக்கம். பள்ளத்தை மூட நிதி வேண்டும், ஒப்புதல் வேண்டும், மழை நிற்க வேண்டும். பள்ளத்தில் ஆள் விழுந்துவிட்டால் மட்டும் ஒன்றும் வேண்டாம். போலீஸ் வந்து அளப்பதற்குள் மூடியாக வேண்டும், அவ்வளவுதான். ஆமைக்கு அன்று ஒருநாள் முயல் கால் முளைத்துவிடும். பிறகு வழக்கு வந்தால், 'சம்பவ இடத்தில் பள்ளம் ஏதும் காணப்படவில்லை, ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம்' என்று துறை கையைத் துடைத்துக்கொள்ளும். அந்த வாக்கியம் இன்ஜினியருக்குத் தூக்கத்திலும் பிசகாது.

நேற்றும் அப்படித்தான். "சார், வளைவுல ஒருத்தர் விழுந்துட்டாரு, தூக்கிட்டுப் போயிட்டாங்க," என்று மேஸ்திரி போன் செய்தபோது, வாயிலிருந்த காபியை விழுங்கிவிட்டு, "உடனே மூடிடு," என்றார். யார் விழுந்தது என்று கேட்கவில்லை. கேட்கிற வழக்கமில்லை. காபி ஆறுவதற்குள் தங்கையின் போன் வந்தது.

போன வாரம்கூட மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையில் சிரித்தார்: "மச்சான், உங்க பள்ளத்துல ரெண்டு வாத்தை விட்டா, பசங்களை உக்காரவெச்சு வரையச் சொல்லிடுவேன்." "நிதி வரட்டும் மாப்ளே," என்று இவரும் சேர்ந்து சிரித்தார்.

"கேஸ் போடணும்க்கா," என்றான் ஸ்பேனர். "ரோட்டை ஒழுங்கா வெச்சுக்கறது அவங்க பொறுப்பு. ஆனா இப்போ எதைக் காட்டுறது?"

"மூடச் சொன்னது யாருன்னு தெரிஞ்சாப் போதும். அண்ணன் ஆபீஸ்தானே? அரை நாள்ல கண்டுபிடிச்சிடுவான்." நேற்றிலிருந்து அவள் குரலில் இப்போதுதான் கொஞ்சம் தெம்பு. "இல்லண்ணா?"

'விசாரிக்கிறேன்', 'பரிசீலனையில் இருக்கு', 'மேலிடத்தைக் கேக்கணும்' எல்லாம் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பிவைத்த சொற்கள்.

"நான்தான் பாப்பா."

"என்ன, நீதான்?"

"மூடச் சொன்னது. விழுந்தது மாப்ளேன்னு அப்போ தெரியாது. சத்தியமாத் தெரியாது."

ஸ்பேனர் குனிந்து சாலையைப் பார்த்தான்.

"இதைக் கோர்ட்டுல சொல்லுவியா?"

இன்ஜினியர் தலையாட்டினார்.

"வாயைத் தொறந்து சொல்லு."

"சொல்றேன். வேலை போனாலும் சொல்றேன்."

அவள் வண்டியிலிருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "இவர்தான்னு தெரிஞ்சிருந்தா மூடச் சொல்லியிருக்க மாட்டே. இல்ல?"

பேருந்து ஒன்று அந்த இடத்தை அலுங்காமல் கடந்து போனது. அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். ஸ்பேனர் பின்னால் ஏறினான்.

"சார், நீங்க?" என்றார் டிரைவர்.

"போங்க. நடந்து வர்றேன்."

வெயிலில் தார் இளகியிருந்தது. செருப்பைப் பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது. வண்டி மெல்ல முன்னால் நகர, அடியில் ஒட்டிய ஜல்லி அடிக்கு அடி கரகரக்க, அவர் பின்னால் நடந்தார்.